குதிரைமலையில் நான் அறுத்த மான்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது பெரிய யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. அப்போது நான் தலைமன்னார் இறங்குதுறைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கப்பலில் வருகிற மூட்டைகளை ரயிலுக்கும், ரயிலில் வருகிற மூட்டைகளைக் கப்பலுக்கும் மாற்றிவிடுவதை மேற்பார்வை செய்வதுதான் வேலை. மன்னார்த் தீவிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கலியாணம் ஆகவில்லை. காற்சட்டை போட்டுக் கதிரையில் இருந்து சம்பளம் வாங்குகிறவன் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

அந்தத் தலைக்கனத்துக்கு எண்ணெய் ஊற்றினாற்போல ஒரு வில் என் கைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பகுதியில் வேலை செய்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தன் சாமான்களை எல்லாம் ஏலம் போட்டார். கட்டில், அலுமாரி, கிராமபோன் எல்லாம் போய்விட்டன. அவர் விளையாட்டுக்கு வைத்திருந்த வில்லை மட்டும் யாரும் சீந்தவில்லை. "நீ வைத்துக்கொள்" என்று என்னிடம் தந்துவிட்டார். என் உயரத்துக்கு நல்ல வழவழப்பான சீமை மரத்து வில். கூடவே தோல்பையில் இரும்பு முனை வைத்த அம்புகளும், இடுப்பில் கட்டுகிற உறைக் கத்தி ஒன்றும்.

கந்தோர் முடிந்ததும் குவாட்டர்சுக்குப் பின்னால் நின்ற பனைமரத்துக்கு என்னிடமிருந்து விடுதலை இல்லை. முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரி பயத்தில் ஆடுகளைக் கட்டி வைத்தாள். இரண்டாம் மாதம் பனையில் அம்பு பட ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள்ளேயே பட்டது. இறங்குதுறையில் எல்லாரும் என்னை "வில்லாளி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பகிடிக்குத்தான் கூப்பிட்டார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அங்கேதான் காக்காவைச் சந்தித்தேன். அவர் சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம். என்னைவிட மூத்த முஸ்லிம் ஆண் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி காக்கா என்றே நான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்பார். கருவாட்டுச் சிப்பங்களை ரயிலில் கொழும்புக்கு அனுப்ப வருவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது கருவாடு அல்ல, வேட்டை. முசலிக் காட்டிலிருந்து தெற்கே குதிரைமலை வரை அவர் போகாத இடம் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு வந்தால் வழிகாட்டக் கூட்டிப்போவதும் அவரைத்தான். ஆள் கட்டைதான், குரல் அப்படி இல்லை. அவர் சாதாரணமாகச் சுகம் விசாரித்தாலே கப்பலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "காட்டுக்குள்ள போனாத்தான் தம்பி நான் மெதுவாப் பேசுறது. அதுதான் வீட்டில என்னைக் காட்டுக்கு அனுப்பிவைக்கிறாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் அவருக்கு ஒரு சங்கடம். துப்பாக்கி உரிமம் ஏதோ காரணத்தால் அரசாங்கக் கச்சேரியில் சிக்கிவிட்டது. துவக்கையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கலியாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் எருக்கலம்பிட்டி. கலியாணப் பேச்சுக்கால் நடந்த அன்று சம்பந்தி வீட்டார் முன்னால், "என்ர மகள்ட கலியாணத்துக்கு மான் இறைச்சிதான்" என்று இவர் தன் பெரிய குரலில் சொல்லிவைத்துவிட்டார். சபையில் சொன்ன சொல். இப்போது கையில் துவக்கு இல்லை.

என் வில்லை அவர் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். பனையில் அம்பு தைத்திருந்ததையும் பார்த்தார். அன்றே பேச்சு முடிந்தது. நான் எய்ய வேண்டும், அவர் வழிகாட்ட வேண்டும். இறைச்சி அவர் வீட்டுக்கு, கொம்பு எனக்கு. சுவரில் மாட்டுவதற்கு ஒரு சோடிக் கொம்பு கிடைக்கும் என்றதும் என் மனம் ரயிலுக்கு முன்னால் ஓடியது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் கறாராகச் சொன்னார்.

"தம்பி, எய்யிறது நீங்க. கிட்டப் போறதும் கத்தி வைக்கிறதும் நான். மான்ட உசிர் போகமுந்தி நான் பிஸ்மி சொல்லி அறுக்க வேணும். இல்லாட்டி அது எங்கட சட்டிக்கு ஆகாது."

"இதை எனக்குச் சொல்லித் தர வேணுமோ காக்கா? எங்கட வீட்டில அந்தோனியார் திருநாளுக்கு ஆடு அறுக்கவே ஒரு காக்காவைத்தானே கூப்பிடுறம்" என்றேன்.

உண்மை அதுதான். நாங்கள் எல்லாம் அப்படி வளர்ந்தவர்கள். ஆட்டையோ கோழியையோ நாங்களே அறுத்தால் எங்கள் முஸ்லிம் சிநேகிதர்கள் எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டார்கள். அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடலாம். எங்கள் கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கலியாணத்துக்கு முந்திய வாரம் லீவு எடுத்துக்கொண்டு வள்ளத்தில் சிலாவத்துறைக்குப் போனேன். கரை இன்னும் கோடு போலத்தான் தெரிந்தது. காற்றும் எங்களுக்குப் பின்னாலிருந்து கரையைப் பார்த்து அடித்தது. அந்த எதிர்க்காற்றையும் கிழித்துக்கொண்டு, "தம்பீ! கல்லுப் பக்கம் வராதீங்கோ! வடக்கால விடுங்கோ!" என்று ஒரு குரல் வந்தது. வள்ளக்காரர் சிரித்துக்கொண்டே சுக்கானைத் திருப்பினார். இந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு வண்டியில் பாதித் தூரம், நடையில் மீதித் தூரம் என்று குதிரைமலைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். மலை என்றால் கண்டிப் பக்கத்து மலை என்று நினைத்துவிடாதீர்கள். கடலோரத்தில் செம்மண் மேடு ஒன்று திடீரென்று எழும்பி நிற்கும். ஒரு பக்கம் செங்குத்தாகக் கடற்கரைக்கு இறங்கும். மறுபக்கம் பாலையும் வீரையும் உடைமுள்ளும் அடர்ந்த காடு. எங்கள் தட்டை ஊருக்கு அதுதான் மலை. அடிவாரத்துக் கரையில் கத்தோலிக்க மீனவர்கள் சிலர் ஓலைக் குடிசைகள் கட்டி வாடி போட்டிருந்தார்கள். இரவு அங்கே தங்கினோம்.

முதல் நாள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பனைமரம் ஒரே இடத்தில் நிற்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். காலையில் ஒரு மான் தெரிந்தது. அம்பை விட்டேன். அது போய்க் கறையான் புற்றில் குத்தி நின்றது. மத்தியானம் இன்னொன்று. அந்த அம்பு இன்றைக்கும் அந்தக் காட்டில்தான் எங்கோ கிடக்கிறது. காக்கா தன் தோள் சால்வையின் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாயைத் திறந்து சிரித்தால் காடே கலைந்துவிடும் அல்லவா? எனக்குக் கோபம் வந்தது. வில் நனைந்துவிட்டது, நாண் சரியில்லை என்று ஏதேதோ சொன்னேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அந்தக் கதைதான்.

இரண்டாம் நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரம். மேட்டுக்குக் கிட்ட ஒரு வெட்டைவெளி. அங்கே புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கொம்பன். அப்படி ஒரு கொம்பை நான் கண்டதில்லை. காக்கா என் முழங்கையைப் பிடித்து அமர்த்தினார். மான்கள் மேய்ந்துகொண்டே எங்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தன. இன்னும் கிட்ட வரட்டும் என்று கையால் காட்டினார். கிட்ட வந்து விழுந்தால்தான் அவர் ஓடிப்போய்க் கத்தி வைக்கலாம். அது எனக்கும் விளங்கியது.

ஆனால் நேற்றைய சிரிப்பு என் காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து விழுத்திக் காட்டினால் காக்கா வாயில் வேறு எதைத் திணிப்பார் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் வாத்தியார் பிரம்பால் அடித்துச் சொல்லித் தந்த பழமொழி அந்த நேரம் எங்கே போனதோ! நாணை இழுத்து விட்டுவிட்டேன்.

பட்டது. ஆனால் நெஞ்சில் படவில்லை. பின்வயிற்றில் தைத்தது. கொம்பன் ஒரு துள்ளுத் துள்ளி அம்போடு காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. மற்ற மான்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

காக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எய்தாச்சு. இனிப் பின்னால போறதுதான்" என்று மட்டும் சொன்னார்.

உச்சி வெயில் வரை அந்த மானின் பின்னால் நடந்தோம். இலையில் ஒரு சொட்டு, மண்ணில் ஒரு சொட்டு. செம்மண்ணில் இரத்தத்தைத் தேடுவது உயிர் போகிற வேலை. முள் கிழித்து என் காற்சட்டை கந்தலாகிவிட்டது. அந்தச் சீவன் அம்பை வயிற்றில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மேட்டு விளிம்புக்கு வந்ததும் அடையாளம் அற்றுப்போனது. மேலே போனதா, சரிவால் கடற்கரைக்கு இறங்கியதா தெரியவில்லை. காக்கா கீழே பார்க்க இறங்கினார். என்னை மேலே விளிம்போடு போகச் சொன்னார்.

"கண்டா ஒரு குரல் குடுங்கோ. தொடாதீங்கோ தம்பி. நான் வந்திருவன்."

கண்டது நான்தான். ஒரு பாலைமரத்தடியில் முன்னங்காலை மடித்துக்கொண்டு கிடந்தது. உயிர் இருந்தது. வயிறு மேலும் கீழும் போய்வந்தது. கண் என்னையே பார்த்தது. "காக்கா! கிடக்குது! இஞ்ச கிடக்குது!" என்று கத்தினேன்.

உடனே கீழேயிருந்து பதில் வந்தது.

"தொடாதீங்கோ! இந்தா வாறன்! தொடாதீங்கோ!"

அவர் சரிவைச் சுற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். மானுக்கு மூச்சு இழுத்தது. அவர் வருவதற்குள் செத்துவிட்டால் எல்லாம் வீண் என்று எனக்குள் ஒன்று சொன்னது. துடிக்கிறதே, பாவம், முடித்துவிடு என்று இன்னொன்று சொன்னது. இரண்டும் நல்ல காரணங்கள்தான். அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று ஒளித்துக்கொண்டு நின்றது. "நானே எய்தேன், நானே அறுத்தேன்" என்று இறங்குதுறையில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அது. இடுப்பில் வெள்ளைக்காரனின் கத்தி தொங்கியது. ஒரு நாளாவது அதை உறையிலிருந்து உருவ வேண்டாமா?

"தம்பீ! தொடாதீங்கோ!" என்று மறுபடியும் கேட்டது. கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மானின் தலையைப் பிடித்து அறுத்தேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பழக்கம் இல்லாத கை. இரண்டாம் முறையும் இழுக்க வேண்டியிருந்தது.

காக்கா விளிம்பில் ஏறி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்து இரத்தம். அவருடைய கத்தி உருவியபடி கையில் இருந்தது. மானைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கத்தியை உறைக்குள் போட்டார். அவ்வளவுதான் செய்தார்.

நான் முந்திக்கொண்டேன். "கூப்பிட்டனீங்களோ காக்கா? இந்தக் காத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்ல" என்றேன்.

"காத்து அப்பிடித்தான் தம்பி" என்றார். "நல்லாக் கஷ்டப்பட்டுப் போட்டுது சீவன். முடிச்சதும் ஒரு நல்லதுதான்."

உயிர் இருக்கும்போதே அறுத்தேன், ஆண்டவன் பெயரைச் சொல்லித்தான் அறுத்தேன், அது போதாதா என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல் போலக் கேட்டது. அவர் மானின் பக்கத்தில் குந்தினார்.

"நீங்களும் ஆண்டவன்ட பேரைத்தான் சொல்லியிருப்பீங்க. எங்கட ஆலிமிட்டக் கேட்டா, ஆகும் எண்டும் சொல்லக்கூடும். ஆனா சபையில சம்பந்திவீட்டு ஆள் ஒருத்தர் இதை யார் அறுத்தது எண்டு கேட்டு முகத்தைச் சுழிச்சாப் போதும். என்ர புள்ளைக்கு அது ஆயுளுக்கும் சொல்லாப் போயிரும். சந்தேகமான சாமானை நான் பந்தியில வைக்கேலாது தம்பி."

திரும்பவும் போய் வேறொன்று பார்க்கலாமா என்று கேட்க வாய் எடுத்தேன். மீதி அம்புகள் முறிந்தும் தொலைந்தும் போயிருந்தன. என் லீவும் அடுத்த நாளோடு முடிந்தது. அவருக்கு வீட்டில் கலியாண வேலை தலைக்கு மேல் கிடந்தது.

மானை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருமாகக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு கீழே வாடிக்கு இறங்கினோம். தனக்கு ஆகாத அந்த மானைப் பாரமான பின்பக்கத்தில் நின்று அவர்தான் சுமந்தார். வாடியில் எனக்கு ராச மரியாதை. மீனவர்கள் என்னைச் சுற்றி நின்று, எய்தது எப்படி, அறுத்தது யார் என்று விசாரித்தார்கள். நான் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் உற்சாகமும் வந்தது. அந்த அற்ப புத்தியை என்னவென்று சொல்ல? ஈரலை நெருப்பில் வாட்டி முதலில் எனக்குத்தான் தந்தார்கள். காலையிலிருந்து பட்டினி. தின்றேன். காக்கா கொஞ்சம் தள்ளி ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்கோ தம்பி, நடக்க வேணும்" என்றார்.

தலைமன்னாருக்குத் திரும்பியதும் இறங்குதுறையில் என் வீரப் பிரதாபம் ஓடியது. பிஸ்மியும் காக்காவின் கத்தியும் அந்தக் கதையில் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள்கூட மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் கதை முடிந்து குவாட்டர்சுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. கலியாணத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். வயிற்றுக்குத்து என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் வெள்ளைக் காற்சட்டையைத் தோய்த்து மடித்துக்கொண்டு சிலாவத்துறைக்குப் புறப்பட்டேன்.

பந்தல் நிறைய ஆட்கள். முஸ்லிம் கலியாணத்தில் சகன் என்று பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அந்த ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். எனக்குத் தனியாகச் சோற்றுக் கோப்பையில் போட்டுத் தருவார்கள், ஒரு மூலையில் இருந்து தின்றுவிட்டுத் தப்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். காக்கா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன்னுடைய சகனிலேயே உட்காரவைத்தார். அதே தட்டில் எனக்கு எதிரே மாப்பிள்ளையின் பெரியவாப்பா இருந்தார்.

சோற்றின் மேல் கோழி. ஊரில் கிடைத்த கோழி எல்லாம் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்பது துண்டுகளின் அளவிலேயே தெரிந்தது. பெரியவாப்பா ஒரு சின்னக் கோழிக்காலைத் தூக்கிப் பிடித்தார்.

"மச்சான், இந்த மானுக்கு என்ன ரெண்டு கால்தான் இருக்குது?"

பந்தலே சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் காக்காதான். "வயசு போயிட்டுது மச்சான். முந்தி மான் என்னைக் கண்டா நிண்டிரும். இப்ப ஓடுது" என்றார். சிரித்துக்கொண்டே, தட்டில் கிடந்ததில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவைத்தார்.

அந்தத் துண்டை என்னால் தொட முடியவில்லை. பேர்பெற்ற வேட்டைக்காரர். மகளின் கலியாணத்தில், சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவராக, வேட்டை கைவிட்ட ஆளாக எல்லார் முன்னும் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கையும் என்னுடைய கையும் ஒரே தட்டில். என் கண் கலங்கிவிட்டது. சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"காக்காவில பிழை இல்லை" என்றேன். "மான் கிடைச்சது. அவர் அறுக்க வரமுந்தி நான்தான் அறுத்துப் பழுதாக்கினனான்."

பக்கத்துச் சகன்களில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பெரியவாப்பா கோழிக்காலைக் கீழே வைத்தார்.

"தம்பி, சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றார் மெதுவாக. "அந்த மான்ட கதை எங்களுக்கு எப்பவோ தெரியும். வாடி ஆக்கள் அடுத்த நாளே மீனோட சேத்து அதையும் கொண்டந்து இறக்கிட்டாங்க. நீங்க மனம் நோகக்கூடாது எண்டுதான் நான் இவரைப் பகிடி பண்ணினது. விருந்தாளியை ஆரும் ஒரு மாதிரிப் பாத்திரக்கூடாதே."

சுற்றிப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பந்தலுக்குள் கால் வைத்தபோது சலாம் சொன்னவருக்கும், கைகழுவத் தண்ணீர் ஊற்றியவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பந்தல் ஆட்கள் சேர்ந்து, பெண்ணைப் பெற்றவரைப் பகிடி பண்ணி, என்னை மூடிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அந்தத் துண்டைத் தின்றேன். அதைவிடக் கசப்பான ஒன்றை என் வாழ்நாளில் தின்றதில்லை. ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

பின்னேரம் காக்கா என்னை வழியனுப்பக் கரைவரை வந்தார். கையில் ஒரு சாக்குப் பொதி. பிரித்துக் காட்டினார். அந்தக் கொம்பனின் கொம்புகள். உப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசி, மினுங்க வைத்திருந்தார். பேச்சில் எனக்கு வர வேண்டிய பங்கு அது. அவருடைய பங்கு என்ன ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு மேலும் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏற எனக்குத் தைரியம் இல்லை. பந்தலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"காக்கா, அண்டைக்கு நீங்கள் தொடாதீங்கோ எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது" என்றேன். "காத்து எண்டு நான் சொன்னது பொய்."

அவர் கொம்புப் பொதியைச் சாக்குக் கயிற்றால் திரும்பவும் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நான் இந்தக் கரையில நிண்டு கூப்பிட்டா கடலில போற வள்ளம் திரும்புது. மேட்டில நிண்ட உங்களுக்குக் கேக்காமப் போகுமோ?" என்றார்.

அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. கத்தியை உறையில் போட்டபோதும், காற்று அப்படித்தான் என்று சொன்னபோதும், பாரத்தைப் பின்னால் நின்று சுமந்தபோதும், நல்ல துண்டை என் பக்கம் தள்ளியபோதும் தெரிந்திருந்தது. அவர் பொதியை வள்ளத்துக்குள் வைத்து, கரையிலிருந்து தள்ளிவிட்டார்.

வெகுதூரம் போனபின் அந்தக் குரல் வந்தது. "தம்பீ! பாத்துப் போங்கோ! திரும்பவும் வாங்கோ!" அன்றைக்கும் காற்று கரையைப் பார்த்துத்தான் அடித்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

அந்த வில்லைப் பிறகு நான் தொடவில்லை. கொம்புகள் மட்டும் என் வீட்டு முன் விறாந்தைச் சுவரில் இருக்கின்றன. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "நீங்கள் விழுத்தினதோ?" என்று ஆசையாகக் கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்து, இருக்கச் சொல்லி, இந்தக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறேன். காக்கா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆகிறது. ஆனால் எதிலாவது அவசரப்பட்டு நான் கை வைக்கப் போகும்போது, மேட்டுக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் இன்றும் வருகிறது. கேட்கவில்லை என்று சொல்ல இப்போது எனக்கு நாக்கு எழும்புவதில்லை.